காவிரியைச் சுத்தம் செய்தேன்

என்னைப் போன்ற மடையனைப் பரிசலில் ஏற்றியதுதான் மாமா செய்த முதல் தப்பு. பத்து வயதில் எனக்குக் கை மட்டும்தான் வளர்ந்திருந்தது. மூளை இன்னும் வழியில் வந்துகொண்டிருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக் கரைக்கும் பரிசல் ஓட்டினார். அவருக்கென்று இருந்தது அந்த ஒரு பரிசல்தான். ஆடிப்பெருக்கு முடிந்தால் காவிரியெங்கும் மாலையும் பழந்துணியும் வாழைமட்டையுமாக மிதக்கும். எல்லாம் துடுப்பில் வந்து சுற்றிக்கொள்ளும். அதனால் ஆளில்லாமல் திரும்பும் பரிசல், கண்ணில் பட்ட குப்பையை அள்ளிக்கொண்டுதான் கரைசேர வேண்டும் என்று பரிசல்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. அந்த வருஷம் மாமாவுக்கு அள்ளும் கை நான்.

“துணி, மாலை, எதையும் விடாதடா” என்றார்.

விடுவேனா? ஒற்றைச் செருப்பைக்கூட விடவில்லை. நடு ஆற்றில் ஒரு மூங்கில் குச்சி நின்றது, நுனியில் கிழிந்த சிவப்புத் துணி. மாமா துடுப்பில் சிக்கிய சேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குச்சியோடு பிடுங்கி மாலைகளுக்கடியில் செருகினேன். கரையில் குவியலைப் பார்த்ததும், “பரவால்லையே, மாப்ள தேறிட்டான்!” என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த நடைக்குத் தயிர்க்காரம்மாவும் இன்னும் நாலு பேரும் ஏறினார்கள். கரையில் நின்று கையாட்டினேன். நடு ஆற்றில் பரிசல் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அடித்தோல் கிழிந்து தண்ணீர் உள்ளே ஏறியது. நல்லவேளை, பக்கத்திலேயே மணல்திட்டு. இடுப்பளவுத் தண்ணீரில் தட்டுத்தடுமாறி ஏறிக்கொண்டார்கள். தயிர்ப்பானைகள் மட்டும் கல்லணைக்குப் புறப்பட்டுவிட்டன.

இன்னொரு பரிசல் போய் எல்லோரையும் அழைத்துவந்தது. மாமா கேட்டது ஒன்றே ஒன்று: “அடியில மரம் கெடக்குன்னு அடையாளத்துக்கு நட்டு வெச்சிருந்த துணி எங்கடா?”

“நான்தான் மாமா எடுத்தேன்!” பெருமையாகவே சொன்னேன். “நீங்கதானே எதையும் விடாதன்னீங்க?”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால், மாமா தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டைக் கிழித்து வேறொரு குச்சியில் முடிந்துகொண்டிருக்கிறார். எனக்குத் தலை சுற்றியது. காலையில் துணியை ஆற்றிலிருந்து எடுத்தால் கெட்டிக்காரன். மத்தியானம் இவரே நல்ல துண்டைக் கிழித்து ஆற்றில் கொண்டுபோய் நடப் போகிறார்! மரம் தண்ணீருக்கடியில், துணி மேலே. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

“எது குப்பை, எது குப்பையில்லைன்னு எனக்கு எப்படி மாமா தெரியும்?”

படித்துறையில் பானையில்லாமல் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தவளைக் காட்டினார்.

“தயிர்க்காரம்மாவைப் போய்க் கேளு.”