நாலு விரல் பெட்ரோல்

எங்கள் காரில் பெட்ரோல் முள் எப்போதும் பாதியில்தான் நிற்கும். டேங்க் நிரம்பி வழிந்தாலும் பாதி, காய்ந்து கிடந்தாலும் பாதி. அதனால் ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்கென்று ஒரு மூங்கில் குச்சி இருந்தது. டேங்க் மூடியைத் திறந்து, குச்சியை அடிவரை விட்டு எடுத்து, ஈரம் காய்வதற்குள் விரல் வைத்து அளந்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், மறுபடி விட வேண்டியதுதான்.

எண்பதுகளின் கடைசியில், என் கணவருடைய அண்ணன் வேலை மாற்றலாகிப் போகும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய கார் அது. எங்கள் வசதிக்குக் கார் அதிகப்படிதான். ஆனாலும் எனக்கு அது தேவைப்பட்டது. மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. மழைக்காற்று பட்டால் போதும், அவளுக்கு நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிடும். இவருக்கோ ஷிப்ட் வேலை. இவர் தொழிற்சாலைக்குள் இருக்கும் நேரம் குழந்தைக்கு இழுத்தால், அம்பத்தூர் டாக்டரிடம் நான்தான் கொண்டுபோக வேண்டும். அதற்காகவே பயந்து பயந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிளாக் முழுக்க ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிளாக்கில் இருந்த ஒரே கார் என்பதால் அது எல்லோருக்கும் சொந்தம். பெண் பார்க்கப் போவதா, பிரசவமா, சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. எடுத்துப் போகும்போது குச்சியில் நாலு விரல் இருந்தால், திருப்பி விடும்போதும் நாலு விரல் இருக்க வேண்டும்.

கீழ்வீட்டுக்காரர் இவரோடு வேலை பார்ப்பவர், கள்ளிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். ஈரக் குச்சியைத் தூக்கிக்கொண்டே படியேறி வருவார்.

"அண்ணி, வேப்பம்பட்டு வரிக்கும் போய்கினு வந்துட்டேன். நாலு வெரலு அப்டியே கீது, நீங்களே பாருங்க."

இவருக்குப் பெருமை தாங்காது. "நம்ம பிளாக் மாதிரி நாணயம் எங்கயும் கிடையாது" என்பார். ஒருநாள் நான், "ஏங்க, நாமளாவது ஒருதரம் ரொப்பி வைக்கலாமே" என்றேன். "ரொப்பிட்டா அளவு குழம்பிடும். எடுத்துட்டுப் போறவங்க எதை ஞாபகம் வெச்சுக்குவாங்க?" என்றார். எங்களிடம் வந்தபிறகு அந்தக் காரின் டேங்க் நாலு விரலுக்கு மேல் பெட்ரோலைப் பார்த்ததே இல்லை.

பிறகுதான் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும்; திடீரென்று இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிடும். சாவியை எத்தனை திருகினாலும் அசையாது. கொஞ்ச நேரம் கழித்துத் திருகினால், ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். முகப்பேரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பட்டுப்புடவையோடு நடுரோட்டில் நின்றோம். இவர் பிளக்கை மாற்றினார், பம்பை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். வீட்டு வாசலில் வண்டி சமர்த்தாக ஓடும். "இப்ப சரியாயிடுச்சு" என்பார். மேகம் கறுத்தால் முதலில் மகள் முகத்தைப் பார்ப்பேன், அடுத்தபடி காரைப் பார்ப்பேன்.

பயந்தது ஐப்பசியில் நடந்தது. பொழுது சாயும் நேரம், அடைமழை, இவர் வேலையில். மகளுக்கு இழுக்கத் தொடங்கியதும் போர்வையில் சுற்றி முன்சீட்டில் உட்கார வைத்துக் கிளம்பினேன். திருமுல்லைவாயல் தாண்டும்போது வண்டி குலுக்கியது. நின்றது.

இரண்டு பக்கமும் லாரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. கை காட்டினேன், எதுவும் நிற்கவில்லை. கொஞ்சம் பொறுத்தால் வண்டி கிளம்பும் என்று தெரியும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்றுதான் தெரியாது. பக்கத்தில் அவளுடைய நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நான் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சத்தமாகவே அழுதேன். "கிளம்பித் தொலையேன், சனியனே, கிளம்பித் தொலையேன்" என்று கத்தினேன். அவள் மூச்சுக்குத் தவித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பியது, மறுபடி நின்றது, மறுபடி கிளம்பியது. டாக்டர் வீட்டு வாசலை அடைந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து அவளைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் டேங்கையே கழற்றி இறக்கினார். காரை இரவல் வாங்கிப் போனவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். உள்ளே ஒட்டியிருப்பது உதிரட்டும் என்று சல்லிக்கல்லையும் ஒரு துண்டுச் சங்கிலியையும் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கிக் கவிழ்த்தார்கள். செங்காவி நிறத்தில் குழம்பு மாதிரி கொட்டியது, அவ்வளவும் துரு. டேங்கின் பெரும்பகுதி எந்நேரமும் காலியாகவே கிடந்ததால் ஈரம் படிந்து துரு பிடித்து அடியில் இறங்கியிருக்கிறது. இருந்த நாலு விரல் பெட்ரோலை உறிஞ்சும்போது அதுவும் சேர்ந்து போய்க் குழாய் வாயை அடைத்திருக்கிறது. இன்ஜின் நின்றால் உறிஞ்சுவதும் நிற்கும், அழுக்கு கீழே விழும், வண்டி கிளம்பும். கீழ்வீட்டுக்காரர் துருவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாம இன்னாவோ நேர்மையா கீறோம்னு நெனச்சிகினு கீறோம், அண்ணி" என்றார்.

அதன்பிறகு குச்சி அளவில் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது என்று நான் சட்டம் போட்டேன். யார் எடுத்துப் போனாலும் பாதிக்கு மேல் ரொப்பித்தான் விட வேண்டும். புது பில்டரும் போட்டோம். கார் அடுத்த மழைக்காலம் வரை ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. எனக்கும் மெல்ல மெல்லத் தைரியம் வந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள், மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பால்கூடக் குடிக்காமல் பீரோ பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் திட்டியிருப்பார் என்று நினைத்தேன். விளக்குப் போட்டபோதுதான் பார்த்தேன், உதடு நீலம் பாய்ந்து கிடந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அம்பத்தூர் வரை வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. அவ்வளவு பதற்றத்திலும் அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே சத்தம் போட்டார். "எப்பம்மா ஆரம்பிச்சது? இவ்வளவு நேரம் வீட்ல வெச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க?"

"இப்பதான் டாக்டர், பார்த்ததும் ஓடி வந்துட்டேன்" என்றேன்.

மகள் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஊசி ஏறி, மூச்சு கொஞ்சம் வசத்துக்கு வந்தபிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"மத்தியானமே இழுத்துச்சும்மா. சொன்னா நீ கார்ல கூட்டிட்டுப் போவ, நடுவுல நின்னுடும், நீ அழுவ. அதான் சொல்லல."