இடப்பக்கம் ஏழாவது

வகுப்புக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸோயா பிளெத்னியோவா பச்சைப் பூவாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வருகிறாள். வாசலிலேயே நின்று தரையைப் பார்க்கிறாள். மரத்தரை இல்லை. இரண்டு மாதமாகவே இல்லை. சாம்பல் நிற ரப்பர் விரிப்புதான் இருக்கிறது, அதன்மேல் தண்ணீர் பட்டால் ஆள் வழுக்கி விழ வேண்டியதுதான். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, மூலையில் நிற்கும் தொட்டிச்செடிக்குப் பூவாளி முழுவதையும் கவிழ்க்கிறாள். ஆடும் கால் வழுக்காமல் இருக்கப் பத்தொன்பது வருஷமாக மரப்பலகைக்குத் தண்ணீர் தெளித்த கை அது. செடிக்கு வாரம் ஒரு தடவை ஊற்றினால் போதும். தினம் குளித்துக் குளித்து அதன் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

"செடி செத்துடும் ஸோய்கா" என்றேன் ஒருநாள்.

"கைக்கு இந்த வேலையும் இல்லேன்னா நான் செத்துடுவேன், எம்மா கார்லொவ்னா. எது போனா பரவாயில்லைன்னு நீங்களே சொல்லுங்க."

எம்மா கார்லொவ்னா நான்தான். வோல்காக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் அரங்கில் பாலே வகுப்புக்கு இருபத்து மூன்று வருஷமாகப் பியானோ வாசிக்கிறேன். பியானோக்காரிக்கு முகங்களைவிடக் கால்கள்தான் அதிகம் பழக்கம். யார் நேற்று ராத்திரி குடித்தார்கள், யார் உண்டாகியிருக்கிறாள், யாருக்குக் கல்யாணம் கசந்துவிட்டது என்பதெல்லாம் அவரவர் வீட்டுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறக்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஸோயாவுக்கு முப்பத்தேழு வயது. மேடையில் அன்னங்களாக ஆடும் பெண்களின் வரிசையில் இடப்பக்கம் ஏழாவது ஆள். தனியாக ஒரு நிமிஷம்கூட ஆடியதில்லை, ஆட ஆசைப்பட்டதாகவும் சொன்னதில்லை. "என்னை யாருமே பாத்ததில்லை. அதான் என் திறமை" என்பாள். "இருபத்து நாலு பேர்ல ஒருத்தி மட்டும் கண்ணுல பட்டாள்னா, அவ ஏதோ தப்புப் பண்ணியிருக்கான்னு அர்த்தம்." கொண்டையில் பதினோரு ஊசி குத்துவாள். பன்னிரண்டாவது எப்போதும் பல்லிடுக்கில் இருக்கும். மதியம் ஜாடியில் கொண்டுவரும் க்ரேச்கா கஞ்சியை நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். உட்கார்ந்தால் தசை குளிர்ந்துவிடுமாம். வகுப்பு தொடங்குமுன் என்னிடம் வந்து பியானோவின் விளிம்பை மூன்று தரம் தட்டி, இடது தோளுக்குப் பின்னால் மூன்று தரம் துப்புவதுபோலச் செய்வாள். முன்பெல்லாம் கண்ணேறு படாமல் இருக்கத் தரையைத்தான் தட்டுவாள். ரப்பரைத் தட்டி என்ன பயன்? இந்தக் கூடத்தில் மிஞ்சியிருக்கும் மரம் நான் வாசிக்கிற பெட்டி ஒன்றுதான்.

பல் தேய்ப்பதுபோல ஒழுங்காகப் பயப்படுகிறவள் அவள். ஆனால் பழைய பயங்களெல்லாம் அவளுக்குப் பழகிப்போனவை. பெண்கள் வகுப்பை நடத்தும் ரொஸாலியா மார்க்கொவ்னாவுக்கு எழுபத்தொரு வயது, குரலுக்கு மட்டும் இருபது. "ஏய் ஏழாவது மாடே! முழங்காலை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா? தூக்குடி!" என்று அவர் கத்தினால் ஸோயாவின் முகம் பூவாய் மலரும். எங்களுக்குள் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. திட்டு விழுகிறவரை நீ இருக்கிறாய். திட்டு நின்றுபோன அன்று பையைக் கட்டிக்கொள்ளலாம்.

இலையுதிர் காலத்தில் ஹாலந்திலிருந்து எங்கள் பாலே குழுவுக்குப் புதிய தலைவர் வந்தார். "என்னை ஃப்ளோரிஸ் என்றே கூப்பிடுங்கள்" என்றார், புத்தகத்தில் படித்த ருஷ்ய மொழியில். யாருக்கும் வாய் வரவில்லை. மூத்தவரைத் தகப்பன் பெயர் சேர்க்காமல் எப்படிக் கூப்பிடுவது? ரொஸாலியா மார்க்கொவ்னா தானாகவே அவருக்கு ஓர் அப்பாவை ஏற்பாடு செய்து, "ஃப்ளோரிஸ் இவானொவிச்!" என்று கூப்பிட்டார். மனிதர் திரும்பியே பார்க்கவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தால்தானே? பிறகு ஆண்களையும் பெண்களையும் ஒரே வகுப்பில் நிறுத்தினார். நாங்கள் பாட்டின் மூச்சைப் பிடித்து ஆடுகிறவர்கள்; அவர் விரலைச் சொடுக்கி ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணினார். "பாட்டு காதுல விழும்போதே எதுக்கு எண்ணணும்? மளிகைக் கடையா இது?" என்று ஸோயா என் காதில் கிசுகிசுத்தாள்.

அவர் கத்தவே மாட்டார் என்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. வரிசை வரிசையாக நடந்து வந்து, ஸோயாவுக்கு எதிரே நின்று, தலையை ஆட்டி, "நன்று ஸோயா. நன்றி" என்பார். அவ்வளவுதான். குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொள்வார். முதல் நாள் அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"நன்றியாம், எம்மா கார்லொவ்னா. எனக்கு எதுக்கு நன்றி? போறவளுக்குத்தானே நன்றி சொல்வாங்க?"

பாவம், ஒருநாள் வேண்டுமென்றே இடது கையைத் தாமதமாகத் தூக்கினாள். பத்தொன்பது ஆட்டப் பருவத்தில் அவள் செய்த முதல் தப்பு. எனக்கே விரல் தடுக்கியது. ஃப்ளோரிஸ் பார்த்தார், புன்னகைத்தார். "நன்று ஸோயா. நன்றி" என்றார். அன்று ஸோயா கஞ்சியைத் தொடவில்லை.

தரையையும் அவர்தான் மாற்றினார். எங்கள் மேடை, பார்க்க வந்த ஜனங்கள் இருக்கும் பக்கமாகச் சரிந்திருக்கும், பயிற்சிக் கூடமும் அதே சரிவு. சரிவில் வளர்ந்த உடம்பு தன்னையறியாமல் கொஞ்சம் பின்னால் சாய்ந்தே நிற்கும். வெளிநாட்டுப் பயணத்தில் மேடைகளெல்லாம் சமதளம், இப்போதே பழகுங்கள் என்று சொல்லி அடியில் கட்டைகளை அடுக்கி நிரவி, மேலே ரப்பரை விரித்துவிட்டார். முதல் வாரம் பாதிப் பெண்கள் பின்பக்கமாக விழுந்து எழுந்தார்கள். எல்லோரும் சிரித்தோம். இரண்டாம் வாரம் ஆறு பேராகக் குதித்துக் கடந்தபோது, ஸோயாவின் கால் எதிர்பார்த்த இடத்தில் தரை இல்லை. பன்னிரண்டு பாதங்கள் ஒரே சத்தமாக இறங்கின. அதற்குள்ளே ஒரு சின்னச் சத்தம், காய்ந்த குச்சி ஒடிவதுபோல.

அவள் நிற்கவில்லை. கடைசிவரை ஆடி, வணக்கம் சொல்லி, எல்லோரும் போனபின் என்னிடம் வந்து பியானோவை மூன்று தரம் தட்டினாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேக்கலைன்னு வச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன். வழக்கமான மருத்துவமனைக்குப் போனால் மறுநாளே அரங்குக்குச் செய்தி வந்துவிடும். ஆகவே அத்தை மகள் வேலை செய்யும் கால்நடை மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டாள். இடது பாதத்தின் வெளிப்பக்க எலும்பில் விரிசல். "குதிரையா இருந்தா மூணு வாரம் கொட்டில்ல கட்டிப்போட்டிருப்பேன்னாரு அந்த டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவளுடைய குழு கடக்கும்போது மட்டும் நான் தாளத்தை ஓர் இழை தளர்த்தி வாசித்தேன். என்னால் ஆன உதவி அவ்வளவுதான்.

வலிக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை ஸோயா தினமும் காலையில் பார்க்கிறாள். கீழே வாசல் கூடத்தில் கோட்டுகளை வாங்கி மாட்டும் அலெவ்தீனா ஒரு காலத்தில் இடப்பக்கம் ஆறாவது. ஒன்பது வருஷத்துக்கு முன் முழங்கால் வலிக்கிறது என்று அப்போதைய தலைவரிடம் சொன்னாள். "ஓய்வெடு கண்ணே" என்று அவர் கன்னத்தைத் தட்டினார். மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் இல்லை. வருஷத்துக்கு ஒன்றாக இருபது ஆட்டப் பருவம் முடித்தவருக்கு ஆயுளுக்கும் ஓய்வூதியம் உண்டு, பதினாறில் நின்றவளுக்கு ஒன்றும் இல்லை. ஸோயாவுக்குப் பத்தொன்பது முடியப்போகிறது. இன்னும் ஒரே ஒரு பருவம் வரிசையில் நின்றுவிட்டால் போதும்.

போன செவ்வாய்க்கிழமை ஃப்ளோரிஸ் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். அதில் ஓர் ஆள் உருவம் வரைந்திருந்தது. இடது, வலது என்று அச்சடித்திருந்தது. வலிக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். நாற்பத்தாறு பேருக்குக் கொடுத்தார். நாற்பத்தாறும் வெறுமையாகத் திரும்பி வந்தன.

அவர் முகம் சிவந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். "நாற்பத்தாறு பேர் ஆடுகிறீர்கள். ஒருவருக்கும் எங்கும் வலிக்கவில்லை. இப்படி ஒரு குழு பூமியில் இல்லை" என்றார். குரலை உயர்த்தவில்லை. "வெள்ளிக்கிழமை அடுத்த பருவத்தின் பட்டியலைப் போடுவேன். அதற்குள் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்ப்பேன். குறி போட்டவருக்கு ஓய்வு உண்டு, மருத்துவர் உண்டு, இடமும் உண்டு. வெற்றுத் தாளை நான் நம்ப மாட்டேன். நான் நம்பாதவரை மேடையில் ஏற்றவும் மாட்டேன்."

தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் மனிதர் அப்படிச் சொன்னார். இரண்டு வாசலையும் ஒரே மூச்சில் சாத்திவிட்டது அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் கோட்டு வாங்கப் போனபோது ஸோயாவின் கையை அலெவ்தீனா பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"எழுதித் தொலைச்சிடாதடி. எங்கிட்டயும் இனிக்க இனிக்கத்தான் பேசினாங்க."

"எழுதலேன்னாலும் போச்சேடி, அலியா."

"அப்ப வா. பக்கத்துக் கொக்கி வரிசைக்கு ஆள் கேட்டுட்டு இருக்காங்க. ரெண்டு பேருமா நின்னு கோட்டு மாட்டலாம்."

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஸோயா அந்தக் கொக்கிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோலப் பார்த்தாள்.

வியாழக்கிழமை அவளுடைய முறை. ஃப்ளோரிஸ் கூடத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை வெளியே போகச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. பியானோக்காரியை யார் ஆளாக எண்ணுகிறார்கள்?

"உட்காருங்கள் ஸோயா."

ஸோயா நின்றாள். ஒரு காலின் குதிகால் மறுகாலின் நுனியைத் தொட, ஒரு பாதம் இன்னொன்றை மறைக்க, கைகளைத் தொங்கவிட்டு, திரை தூக்கும்முன் நிற்பதுபோல.

"உங்கள் குழு கடக்கும்போது மட்டும் பியானோ மெதுவாகிறது" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன்?"

உண்மையைச் சொல்லலாம். இந்த மனிதர் நல்லவர், எனக்கு அது தெரியும். ஆனால் முன்பு கன்னத்தைத் தட்டியவரும் நல்லவர் மாதிரித்தான் இருந்தார்.

"பெடல் பழசுங்க. ஈரத்துல ஒட்டிக்குது" என்றேன்.

இரண்டு மாதமாக அந்தத் தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கோழை. மற்றவர்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் தகாது.

ஃப்ளோரிஸ் தாளையும் பென்சிலையும் ஸோயாவிடம் நீட்டினார். "எங்கே வலிக்கிறது? யாரும் உங்கள் இடத்தை எடுக்க மாட்டார்கள்."

அவள் தாளைப் பியானோவின் மூடிமேல் வைத்தாள். பென்சில் அந்த உருவத்தின் இடது பாதத்துக்கு இறங்கியது. காகிதத்தைத் தொடப்போகும் நேரத்தில் அப்படியே நின்றது. அவள் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. போடு ஸோய்கா, போட்டுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். பென்சில் மெல்ல நகர்ந்தது. ஓர் அங்குலம் தள்ளி, வலது பாதத்தின்மேல், குழந்தை எழுதுவதுபோல அழுத்தி ஒரு பெருக்கல் குறி விழுந்தது. ஒரு துளி உடையாத, ஒரு நாளும் வலிக்காத கால் அது. தாளும் வெறுமை இல்லை, உடைந்த காலும் வெளியே வராது.

ஃப்ளோரிஸ் எழுந்தே நின்றுவிட்டார். நாற்பத்தாறு தாள்களில் அவருக்குக் கிடைத்த முதல் குறி. கண்கூடக் கலங்கியிருந்தது. "உங்களுக்குத் தைரியம் இருக்கிறது ஸோயா. நன்றி" என்றார்.

வெள்ளிக்கிழமை பலகையில் அவள் பெயர் இருந்தது. இடப்பக்கம், ஏழாவது. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: மூன்று வாரம் வலது காலில் எடை வைக்கக் கூடாது.

இன்று காலை அவள் பூவாளியோடு வந்தாள். வலது கால் கணுக்கால்வரை தடித்த கட்டு. இடது காலில் வழக்கமான மெல்லிய பாலே செருப்பு. தத்தித் தத்திச் செடியிடம் போனாள். ஒவ்வொரு தத்தலும் உடைந்த காலின்மேல்தான் விழுந்தது. ஃப்ளோரிஸ் கதவருகே கை கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டிக்கு எதிரே வந்ததும், களைப்போ என்னவோ, கட்டுப்போட்ட காலை ஒரு கணம் தரையில் ஊன்றிவிட்டாள்.

"ஸோயா!" கூடமே அதிர்ந்தது. அவர் கத்தி நாங்கள் கேட்டதில்லை. "என்ன இது, கவனம் எங்கே? வலது காலைத் தூக்குங்கள்! இன்னும்! இன்னும் மேலே!"

ஸோயாவின் முகம் பூவாய் மலர்ந்தது. வலது காலை ஒரு சாண் உயர்த்தி, முதுகை நிமிர்த்தி, முழு உடம்பையும் இடது காலில் ஏற்றி நின்றாள். பூவாளியிலிருந்து தண்ணீர் தொட்டிக்கு வெளியே விழுந்துகொண்டிருந்தது.