அருள்மலரின் முப்பத்தெட்டுத் தையல்

லண்டனில், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு நகைக்கடைக்கு மேலே, பதினேழு படி ஏறினால் வரும் அறையில்தான் அருள்மலர் சேலைச் சட்டை தைத்தாள். 2004 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கிருஷ்ணராசா அந்தப் படிகளில் ஏறி வந்தான். கதவைச் சாத்திக் கொழுவியைப் போட்டான். வணக்கம் கூடச் சொல்லவில்லை. சூடாக நின்ற அயன் பெட்டியை எடுத்து, மேசையில் கிடந்த மஞ்சள் பட்டுச் சட்டையின் முதுகில் வைத்து அழுத்தினான். பட்டு கருகிப் புகைந்தது.

"இது துணி, அக்கா. அடுத்தது உங்கட கை. கேட்டுப்போட்டுப் பிறகு ஏலாது எண்டு சொல்லுங்கோ, பாப்பம்."

துவாயில் சுற்றியிருந்த ஒரு பொருளைச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தான். அவிழ்க்காமலே அது கைத்துப்பாக்கி என்று அவளுக்குத் தெரிந்தது. மேசை அப்படிச் சத்தம் போட்டது.

"இந்தச் சாமானை என்ரை மனிசி கொண்டு போகவேணும். சீலைக்குள்ளை. வெளியிலை ஒண்டும் தெரியக்கூடாது. நான் கை வைச்ச உடனை வெளியிலை வரவேணும்."

காரணத்தை அவனே சொன்னான். போன மார்கழியில் எதிர்க் குழுவின் தலைவன் சற்குணத்தின் ஆட்கள் அவனுடைய தம்பியை ஒரு பலசரக்குக் கடை வாசலில் வைத்து வாளால் வெட்டினார்கள். மூன்று விரல்கள் நடைபாதையில் கிடந்தன. ஊர்ச் சங்கத்துக்காரர் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கை கொடுக்க வைத்தார்கள். அந்தச் சமாதானத்துக்கு அடையாளமாக, தன் மகள் வயதுக்கு வந்த சாமத்தியச் சடங்குக்குச் சற்குணம் அழைப்பிதழ் கொடுத்திருந்தான். ஜூலை 17, சனிக்கிழமை, வட லண்டன் எட்மண்டனில் ஒரு மண்டபம். வாசலில் கறுத்தக் கோட்டுக்காரர் இருவர் நின்று ஆண்களைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். சேலை கட்டிய பெண்ணின் இடுப்பில் கை வைக்க அவர்களுக்கு அனுமதியும் இல்லை, துணிவும் இல்லை.

"நான் சட்டை தைக்கிற ஆள். எனக்கு உதெல்லாம் தெரியாது" என்றாள் அருள்மலர்.

அவன் சிரித்தான். "தொண்ணூற்றி மூண்டிலை குருநகரிலை ஆர் கோல்சர் தைச்சது? உங்கட ஆவியே?"

அந்த வருடம் யாழ்ப்பாணத்தில், ஒரு பாடசாலை மண்டபத்தில் இருபது தையல் இயந்திரங்களுக்கு நடுவே இயக்கத்துக்காரர் அவளையும் இருத்தி, துப்பாக்கியும் ரவைக்கூடும் செருகுகிற இடுப்புப் பட்டிகளைத் தைக்க வைத்தார்கள். அவற்றைத்தான் கோல்சர் என்பார்கள். அவள் தைத்தது ஒன்றும் பிரிந்து வந்ததில்லை.

துவாயை அவிழ்த்து, அளவு நாடாவை எடுத்தாள். தொழில் செய்த கை தன்பாட்டில் தொழிலைச் செய்தது. "கமக்கட்டுக்குக் கீழை வைச்சால் சட்டை பிதுங்கும். தொடையிலை கட்டினால் நடை காட்டிக் குடுக்கும். இடுப்புத்தான். முன்னுக்கு மடிக்கிற கொய்யகத்துக்குப் பின்னாலை" என்றாள். சொல்லி முடித்தபின்தான் தான் என்ன சொன்னோம் என்று நினைத்து வெட்கப்பட்டாள்.

"பாத்தீங்களே! தொழில்காரி தொழில்காரிதான்" என்றான் அவன்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய மனைவி துஷ்யா அளவு கொடுக்க வந்தாள். இருபத்தைந்து வயது. கல்யாணம் கட்டி பாரிசிலிருந்து வந்தவள். அருள்மலரிடம் ஒரு கட்டைக் கொப்பி இருந்தது. யார் வந்தாலும் திகதி போட்டு அளவை எழுதுவாள். பழைய அளவைப் பார்க்காமல் புதியது எழுதமாட்டாள். மார்ச் 9: துஷ்யா, இடுப்பு 28. இப்போது நாடா முப்பதரை காட்டியது.

"என்ன பிள்ளை, பாணும் பட்டருமே?"

துஷ்யா சிரிக்கவில்லை. பாவாடையைச் சற்று இறக்கினாள். இடுப்பெலும்புக்கு மேலே ஆம்பிளை பெல்ட் வளையம் அடித்த அச்சு நீலமாகப் பதிந்திருந்தது. ஒன்றல்ல, நான்கு.

"நாலு மாசம், அக்கா. அவருக்கு இன்னும் சொல்லேல்லை."

"ஏன்?"

"போன முறை சொன்னன்."

அருள்மலர் நாடாவைச் சுருட்டினாள். போன முறை என்ன நடந்திருக்கும் என்று கேட்கவில்லை. அந்த வயிற்றின் மேல்தான் குண்டு நிரப்பிய துப்பாக்கி கிடக்கப்போகிறது. அவசரத்தில் அவன் இழுத்தால் முதலில் வெடிப்பது எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்?

"பொலிசுக்குப் போவமே, பிள்ளை?"

"அம்மா பாரிசிலை எந்த வீட்டிலை இருக்கிறா எண்டு அவருக்குத் தெரியும். கண்ணாலை காணாமல் பொலிஸ் எத்தினை நாள் உள்ளை வைச்சிருக்கும்?"

அருள்மலர் துப்பாக்கிப் பட்டியைத் தைத்தாள். நல்ல கன்வஸ் துணி, உள்ளே மென்தோல். கிருஷ்ணராசா வந்து ஏழு முறை செருகி ஏழு முறை உருவிப் பார்த்தான். ஏழு முறையும் வழுக்கிக்கொண்டு வந்தது. "கெட்டிக்காரி" என்று கன்னத்தில் தட்டினான். அந்தத் தட்டில் அவளுடைய காது இரைந்தது.

சனிக்கிழமை மண்டபத்தில் அருள்மலருக்கு வேறு வேலையும் இருந்தது. சடங்குப் பிள்ளைக்கும் தோழிகளுக்கும் சேலை உடுத்திவிட அவளைத்தான் பிடித்திருந்தார்கள். பதினொன்றரைக்குத் துஷ்யா வாசலைக் கடந்து வருவதைக் கண்டாள். கறுத்தக் கோட்டுக்காரர்கள் கிருஷ்ணராசாவின் சப்பாத்தைக் கூடக் கழற்றிப் பார்த்தார்கள். துஷ்யாவுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அருள்மலர் நேரே அவனிடம் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, உதென்ன கோலம்? காருக்குள்ளை இருந்து கொய்யகம் குலைஞ்சு போச்சு. இப்பிடி நிண்டால் சாமான் துருத்திக்கொண்டு தெரியும். உள்ளை விடு, கட்டி விடுறன்."

அவன் மனைவியின் முழங்கையைப் பிடித்தபடி உடுத்தும் அறை வரை வந்தான். கதவுக்குள் காலை வைத்ததும் உள்ளேயிருந்து பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

"ஆம்பிளையள் வராதேங்கோ!"

"ஆரது? கண்ணைக் குத்துவன்!"

நூறு பேரோடு மோதத் துணிந்து வந்தவன் அந்தச் சிரிப்புக்குப் பின்வாங்கினான். கதவு மூடியது. அதற்காகத்தான் அருள்மலர் மூன்று வாரம் காத்திருந்தாள்.

துஷ்யாவை மூலைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, கொய்யகத்தை இறக்கினாள். கைப்பை தைக்கிற மெழுகு பூசிய நைலோன் நூலும் தோல் ஊசியும் அவளிடம் தயாராக இருந்தன. பட்டியின் வாயை இழுத்து மூடித் தைக்கத் தொடங்கினாள். ஓடு தையல் போட்டால் ஒன்று அறுந்தால் எல்லாம் வரும். அதனால் ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு.

துஷ்யா குனிந்து பார்த்தாள். விளங்கிக்கொண்டாள். "அவர் என்னைக் கொல்லுவார், அக்கா."

"ஓம், அடிப்பான். ஆனால் சுட ஏலாது. வேண்டாம் எண்டால் இப்ப சொல்லு, வெட்டி விடுறன்."

துஷ்யா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, தையலுக்கு வசதியாக நின்றாள். பதினொரு நிமிடம், முப்பத்தெட்டுத் தையல். கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கினாள் அருள்மலர்.

ஒன்று இருபதுக்குச் சாப்பாடு தொடங்கியது. சற்குணம் மேசை மேசையாகப் போய் "வடிவாச் சாப்பிடுங்கோ" என்று உபசரித்துக்கொண்டிருந்தான். கிருஷ்ணராசா எழுந்து, சமையலறைக்குப் போகும் நடைவழிக்குள் துஷ்யாவை இழுத்துக்கொண்டு போனான். அருள்மலர் பின்னால் ஓடினாள்.

அவன் சேலைக்குள் கையை விட்டு இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். துஷ்யா அவனோடு சேர்ந்து முன்னுக்கு வந்து விழுந்தாள். தையலைத் தடவிப் பார்த்தபோது அவனுடைய முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. அப்படியே அவளுடைய முகத்தில் முழங்காலால் இடித்தான். மூக்கு உடைந்து இரத்தம் சட்டையில் ஓடியது. வயிற்றுக்குக் காலை ஓங்கினான்.

அருள்மலர் இடையில் விழுந்தாள். அந்த உதை அவளுடைய விலாவில் விழுந்தது.

"நீதானே? நீதானே தைச்சனீ?"

அவளுடைய வலக்கையைப் பிடித்து, கனத்த தீக்கதவின் சட்டத்தில் வைத்து, கதவை உதைத்துச் சாத்தினான். ஒரு முறை. எலும்பு முறிகிற சத்தத்தை அவள் தன் காதாலேயே கேட்டாள். இரண்டாம் முறை. மூன்றாம் முறைக்குக் கதவைத் திறந்தபோது, சமையலறை வாசலில் இறக்கி வைத்திருந்த பாயாச வாளியைத் துஷ்யா தூக்கினாள். கொதி அடங்காத பாயாசம் அவனுடைய கழுத்திலும் முதுகிலும் கொட்டியது. தோலோடு ஒட்டியது. அவன் அலறிக்கொண்டு சுவரில் மோதினான்.

அலறலைக் கேட்டுச் சற்குணத்தின் ஆட்கள் வந்தார்கள். என்ன ஏது என்று கேட்காமல் கதிரைகளால் அடித்தார்கள். பொலிஸ் வருமுன் அவனுக்கு நான்கு விலா எலும்பு போய்விட்டது. சடங்குப் பிள்ளை தங்கப் பின்னலோடு வந்து நின்று, "அப்பா, ஸ்டொப்! ப்ளீஸ், அப்பா!" என்று கத்திய பிறகுதான் சற்குணம் தன் கையிலிருந்த கதிரையைப் போட்டான்.

பெண் பொலிஸ் ஒருத்தி துஷ்யாவின் இடுப்பில் இருந்த துப்பாக்கியை எடுக்கப் பார்த்தாள். கையால் முடியவில்லை. கடைசியில் ஆம்புலன்ஸ்காரரின் கத்தரியை வாங்கி ஒவ்வொரு முடிச்சாக வெட்டினாள். அந்தத் தையல்தான் பிறகு துஷ்யாவைக் காப்பாற்றியது. சுட நினைத்தவளோ சுட உதவ நினைத்தவளோ அப்படித் தைக்க விட்டு நின்றிருக்க மாட்டாள் என்று அவளுடைய வக்கீல் எழுதிக் கொடுத்தார். அருள்மலர் இரண்டு நாள் விசாரணையில் இருந்தாள். பட்டி தைத்ததையும் மறைக்கவில்லை. திகதி, அளவு, நூலின் பெயர் உட்பட எல்லாவற்றையும் கட்டைக் கொப்பியைத் திறந்து காட்டினாள். இருவர் மேலும் வழக்கு வரவில்லை. கிருஷ்ணராசாவுக்கு ஒன்பது வருடம் விழுந்தது. துஷ்யாவின் தாய் அந்த வாரமே பாரிஸ் வீட்டை மாற்றினாள்.

அருள்மலரின் வலக்கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்காது. நான்கு மாதம் கடை பூட்டிக் கிடந்தது. அந்த நான்கு மாதமும் அவள் பழைய கடதாசியை இடக்கையால் வெட்டிப் பழகினாள். முதலில் கோணலாக வந்தது. கார்த்திகை முடிவில் நேராக வந்தது.

மார்கழியில் துஷ்யாவுக்கு மகள் பிறந்தாள், மூன்று கிலோ நூறு கிராம். மார்ச் மாதம் பிள்ளையையும் சுமந்துகொண்டு பதினேழு படியும் ஏறி வந்தாள். மூக்கு சற்றே கோணியிருந்தது. பிள்ளையைத் துணிக் குவியலில் கிடத்திவிட்டுக் கைகளைத் தூக்கி நின்றாள். அருள்மலர் இடக்கையால் நாடாவைப் பிடித்தாள். எழுத ஒரு கை போதவில்லை.

"கொப்பியை எடு, பிள்ளை. நீ எழுது. திகதி முதல்லை. இடுப்பு இருபத்தொன்பது."

துஷ்யா எழுதிக் காட்டினாள்.

"உதென்ன ஒன்பதே, நாலே? வெட்டிப்போட்டு வடிவா எழுது. நான் துணி வெட்டுறது உதைப் பாத்துத்தான்."