அத்தா தூங்கிக்கினு இருக்காரு

மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கொண்டு, கள்ளக்குறிச்சியில் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் பாயிடம் இன்று மதியம் கிளம்பினேன். கடை திறந்திருக்கிறதா என்று ஃபோனில் அதன் இணையப் பக்கத்தைத் திறந்தால்,

"அத்தா தூங்கிக்கினு இருக்காரு. நாலு மணிக்கு வாங்க."

நாலு மணிக்குப் போனேன். பத்தாவது படிக்கும் அவர் மகள்தான் அந்தப் பக்கத்தை உருவாக்கினாளாம்.

"எந்த கோர்ஸ்ல சேர்ந்தம்மா?"

"கோர்ஸெல்லாம் இல்ல அங்கிள். அத்தா தூங்கறப்ப, கடை இருக்கான்னு கேட்டு ஃபோன் வந்துக்கினே இருக்கும். அத நிறுத்தத்தான் வீடியோ பாத்து வெப்சைட் செய்யக் கத்துக்கினேன்."

"வெளிய போயிருக்காருன்னு மாத்தினா இன்னாம்மா?" பாய் கெஞ்சினார்.

"பொய் சொல்ற கோடிங் இன்னும் கத்துக்கல அத்தா."

என் மகனையும் அவளிடம் அனுப்பலாமென்று நினைத்தேன். ஆனால் நானும் மதியம் தூங்குகிறவன்.

அனுப்பவா, வேண்டாமா?