கத்தாமல் சொன்ன நாலு வரி

வேலையிடத்தில் அவனுக்கு வைத்த பெயர் ஊமை. பேச வராதவன் அல்ல. தேவைக்கு மேல் ஒரு சொல் செலவழிக்க மாட்டான், அவ்வளவுதான். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? இவன்கிட்ட ஜாக்கிரதையா இருங்கப்பா" என்று கூட்டாளி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். கூட்டாளி என்றால் லிஃப்ட் பராமரிப்பு வேலையில் ஊமைக்கு ஜோடி. ஆறு வருடமாக இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே கருவிப்பெட்டி. ஒருவன் மேலே மோட்டார் அறையில் இருந்தால் மற்றவன் கீழே, லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் இருப்பான்.

ஞாயிறு மதியங்களில் ஊமை கிடார் வாசிப்பான். இடம், அக்காவின் சலவைக்கடைக்குப் பின்னால், பழைய துணி மூட்டைகள் கிடக்கும் அறை. டிரம்ஸ் அடிப்பவர் அக்காவின் கணவர். ரத்தக்கொதிப்புக்குத் தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். மச்சான் டிரம்ஸ் வாங்கினார். மூன்றாவது ஆள் தானாக வந்து சேர்ந்தவள். பக்கத்துத் தெருக் கணக்கு டீச்சர் ஒருநாள் போர்வை வெளுக்கப் போட வந்தாள். உள்ளே கேட்ட சத்தத்தைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "ஏழு ஏழா எண்ணுறீங்க, நாலாவது சுற்றுல மட்டும் எட்டு வருது. வேணும்னே செய்றீங்களா, தப்பா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு பேஸ் கிடாரோடு வந்து நின்றாள்.

மூவரும் மூன்று திசையிலிருந்து வந்தவர்கள். ஒன்றரை நிமிடத்தில் ஆத்திரத்தைக் கொட்டி முடிக்கும் ஹார்ட்கோர் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் மச்சான். டீச்சருக்கு முணுமுணுப்பாகத் தொடங்கி எதிர்பாராத இடத்தில் உடைகிற இசை பிடிக்கும். ஊமைக்கு லிஃப்ட் ஏறி இறங்கும் பாதைதான் பள்ளிக்கூடம். கம்பி இழுபடும் ரீங்காரமும், ரிலே ஸ்விட்ச் சொடுக்கும் ஓசையும், பிரேக் பிடிக்கும்போது எழும் உறுமலும் அவன் விரல்களில் இருந்தன. "இந்த மாதிரி வாசிப்புக்கு போஸ்ட்-ஹார்ட்கோர்னு பேரு" என்று டீச்சர் விளக்கினாள். "பேரெல்லாம் இருக்கா? நான் வியாதின்னு நினைச்சேன்" என்றாள் அக்கா.

பாட்டு உருவாவது மெதுவாக. ஊமை பத்து விநாடித் துண்டு ஒன்றைக் கொண்டுவருவான். அதை நாற்பது முறை வாசிப்பார்கள். டீச்சர் ஒரு அடியை வெட்டுவாள், மச்சான் வெட்டிய இடத்தை நிரப்பப் பார்த்துத் திட்டு வாங்குவார். எல்லாவற்றையும் போனில் பதிவு செய்வார்கள். யாரும் மறுபடி கேட்கக் கூடாது என்பது விதி. அடுத்த ஞாயிறு வரை யார் மனதிலாவது தங்கியது பாட்டில் இருக்கும், மற்றது குப்பை. இப்படி இரண்டு வருடத்தில் ஐந்து பாட்டுகள் தேறின. ஐந்துக்கும் பாட ஆள் இல்லை. வந்த இருவரில் ஒருவன் டீச்சரின் கணக்குக்குப் பயந்து ஓடினான். மற்றவன் அழகாகப் பாடினான், அதனால் அனுப்பிவிட்டார்கள்.

அந்த நிலையில்தான் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் ஊமை சோதனைக்குப் போனான். கூட்டாளி அந்த வாரம் விடுப்பு. லிஃப்ட் குழிக்குள் இறங்கியவுடன் அழுத்த வேண்டிய சிவப்பு ஸ்விட்ச் ஒன்று உண்டு. அழுத்தினால் லிஃப்ட் எந்த மாடியில் இருந்தாலும் அசையக் கூடாது. ஊமை அழுத்தினான், நின்றது. விடுவித்து மறுபடி அழுத்தினான், நிற்கவில்லை. மூன்றாம் முறை நின்றது. சோதனைத் தாளில் 'பழுது' என்று எழுதினான்.

சூப்பர்வைசர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளை நீட்டினார். "பார்ட் வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் லிஃப்ட்ட நிறுத்திட்டு உக்காந்திருக்க முடியுமா? சரின்னு போட்டுக் கொடு. நீங்க ரெண்டு பேரும்தானே இறங்கப் போறீங்க, பாத்து இறங்குங்க."

ஊமை கையெழுத்துப் போட்டான். கூட்டாளியிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். கூட்டாளி திரும்பி வந்ததும் வண்டியில் ஏதேதோ பேச்சு ஓடியது. நாக்கு நுனிவரை வந்தது, சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் போனது.

பார்ட் இன்னும் வந்தபாடில்லை. அன்று அதே கட்டடத்துக்கு இருவரும் போனார்கள். குழிக்குள் இறங்கியது கூட்டாளி. ஊமை கிரீஸ் டப்பாவை எடுக்க வண்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தான். அந்த ஸ்விட்சை நம்பாதே என்று கூட்டாளியிடம் இன்னும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதே நொடியில் மேலே யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். மோட்டார் கிளம்பும் ஓசை கேட்டது. ஓடினான். கத்த வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது.

கூட்டாளி உயிர் தப்பினான். இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

அதற்கடுத்த ஞாயிறு ஊமை வழக்கம்போல வந்தான். ஐந்தாவது பாட்டின் நடுவில் கிடாரை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்துக் கத்தினான். சொல் ஒன்றும் பிடிபடவில்லை. தொண்டை கிழிந்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்து விழுந்ததுபோல இருந்தது. மச்சானின் குச்சி கையிலேயே நின்றது. "இதைத்தாண்டா ரெண்டு வருஷமா தேடிட்டிருந்தோம்" என்றார் அவர். டீச்சர் மட்டும், "என்ன வரிகள் அது?" என்று கேட்டாள். "சும்மா" என்றான் ஊமை.

ஐந்து வாரம் அதைக் கத்தினான். அந்த ஐந்து வாரமும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. இதற்கிடையில் விசாரணை அறிவித்திருந்தார்கள். ஸ்விட்சை அழுத்தாமலே கூட்டாளி குழிக்குள் வேலை செய்தான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. ஸ்விட்ச் சரியாக இருந்ததற்கு ஆதாரம், ஊமை கையெழுத்திட்ட தாள்.

ஆறாவது ஞாயிறு, பாட்டு உச்சத்தில் இருந்தபோது அறைக்கதவு திறந்தது. கூட்டாளியின் மனைவி நின்றாள். எவ்வளவு நேரமாக வெளியே நின்றாளோ தெரியாது. மச்சான் வாசிப்பை நிறுத்தினார். கடையில் சுழன்ற எந்திரத்தின் ஓசை மட்டும் கேட்டது.

"அண்ணா, உங்களைப் பாக்கணும்னு அவர் தினமும் கேக்கறாரு. வீட்டுக்குப் போனேன், இங்க இருப்பீங்கன்னு சொன்னாங்க." அவள் மைக்கைப் பார்த்தாள். "என்ன கத்தறீங்கன்னு ஒண்ணும் புரியல. ஸ்விட்ச்னு மட்டும் கேட்ட மாதிரி இருந்துச்சு. கத்தாம சொல்லுங்க."

டீச்சர் பேஸ் கிடாரின் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தி ஒலியை அடக்கினாள்.

"சொல்லுங்கண்ணா."

சொன்னான். "ஸ்விட்ச் கெட்டுப் போயிருந்துச்சு. எனக்குத் தெரியும். சரின்னு கையெழுத்துப் போட்டேன். உன்கிட்ட சொல்லல." கூட்டாளியிடமே சொல்வதுபோல நாலே வரி. கத்தும்போது இரண்டு நிமிடம் ஓடியது, சொல்லும்போது பத்து விநாடிகூட ஆகவில்லை.

அடிப்பாள் என்று மச்சான் எதிர்பார்த்தார். அவள் ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"ராத்திரியெல்லாம் அவர், 'நான் அழுத்தினேன்டி, அழுத்தினேன்டி'ன்னு புலம்பறாரு. நானே ஒரு நாள், நிஜமாவே மறந்துட்டீங்களோன்னு கேட்டுட்டேன்." அவள் எழுந்தாள். "வியாழக்கிழமை விசாரணை. இதையே அங்க சொல்லுங்க. இதே குரல்ல."

வியாழக்கிழமை விசாரணை அறைக்கு வெளியே சூப்பர்வைசர் அவன் தோளில் கை போட்டார். "தாள்ல இருக்கறது உன் கையெழுத்து. வாயத் திறந்தா முதல்ல மாட்டறது நீ. யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு சார்" என்றான் ஊமை. கிழிக்கப்பட்ட தாளைப் பற்றியும் புதுத் தாளைப் பற்றியும் அதிகாரி திருப்பித் திருப்பிக் கேட்டார். "தெரிஞ்சும் ஏன் போட்டே?" என்று கடைசியில் கேட்டார். "பயம் சார்" என்றான்.

கூட்டாளிமேல் தப்பில்லை என்று எழுதப்பட்டது. சூப்பர்வைசருக்கு வேலை போனது. ஊமைக்கும் போனது, லிஃப்டில் கை வைக்கும் உரிமத்தையும் இரண்டு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அக்காவின் கடையிலும் பக்கத்துக் கடைகளிலும் சலவை எந்திரங்களைப் பழுது பார்த்து நாளை ஓட்டினான்.

விசாரணை முடிந்த அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனான். கூட்டாளி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஊமை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஆறு வருஷம்டா" என்றான் கூட்டாளி, திரும்பாமலே.

"ஆமா."

"போயிட்டு வா. இன்னிக்கு உன்னப் பாக்கப் பிடிக்கல."

"நாளைக்கு வரட்டுமா?"

ஊமை மறுநாளும் போனான், அதற்கடுத்த நாளும் போனான். ஒன்பதாம் நாள் கூட்டாளி தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரச் சொன்னான்.

ஐந்தாவது பாட்டை மாற்றியவள் டீச்சர். நடுவில் எல்லாக் கருவிகளும் நின்றுவிடும். ஊமை அந்த நாலு வரியையும் சாதாரணக் குரலில் சொல்வான். பிறகு ஏழடி ஒரே சுற்று, அத்தோடு முடிவு. அப்படியே பதிவு செய்து ஒரு இசைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். பாட்டு பிடித்திருக்கிறது, நடுவில் வரும் பேச்சை எடுத்தால் ஒப்பந்தம் போடலாம் என்று பதில் வந்தது. மச்சானுக்கு ஆசைதான். சின்ன வயதுக் கனவு. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அவர் ஊமையின் முகத்தைப் பார்த்தார்.

"மாப்ளே, நீ சொல்லு."

"இருக்கட்டும் மச்சான்."

அந்த நாலு வரி இருக்கட்டும், ஒப்பந்தம் போகட்டும் என்று மச்சானுக்குப் புரிந்தது. டீச்சர் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி அடுத்த பாட்டுக்கு அடி எண்ணத் தொடங்கினாள். அது பதினொரு அடியில் இருந்தது. இன்னும் சரியாக உட்காரவில்லை.