தலைப்பில் தப்பிய சகடை

சுகந்தியக்காவைக் கொன்றது ஒரு சரக்கு விமானம். கொன்று முடிக்க அதற்கு முப்பது வருடங்களுக்கு மேல் பிடித்தது. பொரளை ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய மகள் அழைத்தபோது நான் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றேன். "அம்மா போயிட்டா. முதுகில கிடந்த இரும்பு சீழ் பிடிச்சு இரத்தத்தில கலந்திட்டுதாம்."

கொட்டாஞ்சேனையில் எங்கள் பத்திரிகையில் அவரோடு வேலைசெய்த உங்களுக்கும் அந்த இரும்பின் கதை தெரியாமலிருக்கலாம். கன்டீனில் ஒருமுறைதான் சொன்னார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து வீட்டில் அவருடைய தம்பி தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். மேலே சுற்றிய விமானப்படையின் சரக்கு விமானம் பின்கதவைத் திறந்து வெடிமருந்துப் பீப்பாவை உருட்டிவிட்டது. இரும்புச் சிதறல் பாய்ந்த முதுகில் இரத்தம் வழிய, அக்கா தம்பியை அரிசிச் சாக்கில் பொறுக்கினார். தனியாகக் கிடந்த கை தேங்காய்ப் பாதியை விடவில்லை. "குறி பாக்கிற பிளேன் இல்லையடாப்பா. அவங்களுக்கு அதுவும் சாமான் இறக்கிறதுதான்" என்றார்.

சனம் அந்த விமானத்துக்கு வைத்த பெயர் சகடை. அரசு புதிய சரக்கு விமானங்கள் வாங்கும் விவாதம் தொடங்கியதும் விமானப்படையின் சிங்கள அறிக்கை ஒன்று அக்காவிடம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. சரக்கு விமானம் என்று வந்த எல்லா இடத்திலும் "சகடை" என்றே எழுதிவிட்டார். ஆசிரியர் கத்தினார்.

"உமக்கென்ன விசரா, சுகந்தி?"

"சகடைச் சத்தத்துக்குப் பங்கர்க் குழிக்குள்ள மூத்திரம் பெய்த ஆள்தானே சேர் நீங்களும்?"

அவர் சிவப்பு மையால் எல்லாவற்றையும் வெட்டினார். தலைப்பில் ஒன்று தப்பி அச்சாகிவிட்டது. மறுநாள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கிழவர் அழைத்தார்: "சகடை வாங்கினமாமே, பிள்ளை? மூடின பங்கரைத் திரும்ப வெட்டட்டோ?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முதுகைப் பிடித்தபடி போய் வாந்தியெடுத்தார்.

விமானப்படையின் ஊடகச் சந்திப்பில் எல்லோரும் விலையைக் கேட்டார்கள். புதியதா, பழையதா, கமிஷன் யாருக்கு? சகடையால் செத்தவர்களைப் பற்றி ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. வெள்ளத்துக்கு மருந்து கொண்டுபோகத்தான் என்றார் அதிகாரி. அக்கா எழுந்து சிங்களத்தில் கேட்டார்: "பின்கதவால் மனிதர்மேல் எதையும் தள்ளமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுவீர்களா?"

அதிகாரி சிரித்தார். "மிஸ், இது சாமான் ஏற்றும் விமானம்."

"அன்றைக்கு வந்ததும் அப்படித்தான்."

சிவப்பு மை வெட்டிய அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அவரை எரித்த மறுநாள் நடந்த சந்திப்புக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். அதே அதிகாரி, அதே மேசை. அக்காவின் கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் மைக்கை அடுத்தவரிடம் கொடுக்கச் சொன்னார். நான் கொடுக்கவில்லை.

"ஒரு வரிதான் சேர். எழுதுங்கள்."