பாதி வாடகைக் கட்டில்

எழுபதுகளில் என் மனைவியின் அண்ணன் ஷார்ஜாவிலிருந்து லீவில் தாம்பரம் வந்தான். எனக்கும் அங்கே ஒரு வேலை சொல்லி வைத்திருப்பதாகச் சொல்லி, பாஸ்போர்ட் விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தான்.

"எல்லாம் சல்லிசு மாப்ளே. கையெழுத்துப் போடுங்க."

என் மனைவி அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள்.

"எங்க மச்சான் தூங்குறீங்க?" என்று கேட்டேன்.

"எட்டுப் பேருக்கு நாலு கட்டில். நைட் ஷிப்ட்டுக்காரன் எழுந்து போனதும் நான் படுத்துப்பேன். வாடகை பாதிதானே!"

இதில் பெருமை வேறு. எங்கள் வீட்டில் யாராவது டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் முகம் சுளிக்கிறவன் இவன். அங்கே எவனுடைய வியர்வையிலோ புரண்டுவிட்டு, இங்கே சென்ட் அடித்துக்கொண்டு திரிகிறான்.

"இவளையும் குழந்தையையும் கூட்டிட்டுப் போலாமா?"

"அதெல்லாம் கம்பெனிக்காரன் விட மாட்டான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க."

"அப்ப நீங்களே போய்ப் படுங்க" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இங்கயே காலம் பூரா சைக்கிள் மிதிங்க" என்று எழுந்து போனான்.

மனைவி பத்து நாள் என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை 'ணங்'கென்று வைத்தாள். வைக்கட்டும். கோபத்தையாவது நேரில் காட்டினாள்.